தலை டாக்டர் கேட்டது

பிறந்த வார்டிலேயே அவளுக்குப் பட்டப்பெயர் விழுந்துவிட்டது: அவசரம். ஏழாவது மாதம் பாதியில் இருக்கும்போதே பனிக்குடத்தை உடைத்துக்கொண்டு வந்தவள் என்று ஒரு நர்ஸ் விளையாட்டாக வைத்த பெயர். அதே வயிற்றில் கூட இருந்த இரட்டைத் தம்பிக்கு வெளியே வர மனமே இல்லை. அவனைக் கெஞ்சிக் கூத்தாடித்தான் எடுக்க வேண்டியிருந்தது என்பாள் அம்மா. அதனால் அவன் நிதானம். சான்றிதழில் இருந்த பெயர்கள் பள்ளிக்கூடத்தோடு சரி. வீட்டிலும் தெருவிலும் இந்த இரண்டுதான் நிலைத்தன.

அம்மாவுக்கு அந்த மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை. அன்று காலை ஈர விரிப்புகள் நிறைந்த கூடையைத் தூக்கி உலர்த்தும் இயந்திரத்தில் கவிழ்த்துக்கொண்டிருந்தபோதுதான் காலோடு நீர் வழிந்தது. சலவைக்கூடத்தின் தரை எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும். எங்கிருந்து வந்த தண்ணீர் என்று முதலில் அவளுக்கே புரியவில்லை. பக்கத்தில் நின்றவள்தான் கத்தினாள். நாலு மாடி மேலே தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள்.

செய்தி கேட்டு ஓடிவந்த அப்பா முதலில் கேட்டது குழந்தைகளைப் பற்றி அல்ல.

"உன்னை யாரு அந்தக் கூடையைத் தூக்கச் சொன்னது?"

 அந்தக் கேள்வி அம்மாவை விட்டுப் போகவே இல்லை.

குழந்தைகள் இரண்டும் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தன. தோல் நனைந்த காகிதம் மாதிரி இருந்தது. உள்ளே ஓடும் நரம்பெல்லாம் வெளியே தெரிந்தது. அழுதால் சத்தம் வராது, முகம் மட்டும் சுருங்கும். "பிழைச்சா பாக்கலாம்" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். டாக்டர்கள் அதையே கொஞ்சம் மரியாதையாகச் சொன்னார்கள். மூன்றாம் நாள் தம்பியின் தலைக்குள் ரத்தம் கசிந்தது.

அந்த வார்டில் அப்போதுதான் சேர்ந்திருந்த ஓர் இளம் பெண் டாக்டர் அம்மாவிடம் வந்து பேசினார். குறைமாதத்தில் பிறந்தவர்களுடைய மூளை எப்படி வளர்கிறது என்று ஓர் ஆராய்ச்சி தொடங்கியிருக்கிறோம், உங்கள் குழந்தைகள் இரண்டு பேரையும் அதில் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

"இவங்க பெரியவங்களாகற வரைக்கும் அப்பப்போ கூப்பிட்டுப் பாப்போம். அவ்வளவுதான்."

ஆராய்ச்சி, மூளை எதுவும் அம்மா காதில் ஏறவில்லை. 'பெரியவங்களாகற வரைக்கும்' என்ற வார்த்தை மட்டும் ஏறியது. அதுவரை யாரும் அவளிடம் அப்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. உடனே சரி என்றாள்.

இருவரும் பிழைத்துக்கொண்டார்கள். அக்காவுக்குக் கண்தான் அடி வாங்கியது. மூன்று வயதில் முகத்தைவிடப் பெரிதாக ஒரு கண்ணாடி மாட்டிவிட்டார்கள். தம்பிக்குக் கால் இரண்டும் விறைத்துக்கொண்டன. வலது கை பாதி சொன்னபடி கேட்கும், பாதி கேட்காது. வலிப்பும் வந்தது. மகன் நடக்கப்போவதில்லை என்று தெளிவானபோது அப்பா வேறு ஊரில் வேலை கிடைத்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். வேலை மட்டுமல்ல, குடும்பமும் கிடைத்துவிட்டது என்று பிறகு தெரிந்தது.

ஆராய்ச்சிக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கூப்பிடுவார்கள். கட்டைகளை அடுக்கச் சொல்வார்கள், படத்தைக் காட்டிப் பெயர் கேட்பார்கள், எண்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்வார்கள். கடைசியில் ஸ்கேன். ஒவ்வொரு முறையும் அந்த டாக்டர் முதல் வேலையாக நாடாவைச் சுற்றித் தலையை அளப்பார். அதனால் நிதானம் அவருக்குத் 'தலை டாக்டர்' என்று பெயர் வைத்தான். டாக்டருக்கு அது தெரியும். ஒருநாள் தொலைபேசியில், "தலை டாக்டர் பேசறேன்" என்று அவரே சொல்லிவிட்டார்.

அக்கா எப்போதும் பயந்துகொண்டு போவாள். கட்டை சரிந்தால் அழுகை வந்துவிடும். எண் கணக்கு அவளுக்கு எந்த வயதிலும் பிடிபடவில்லை. தம்பி நேர் எதிர். கை ஒத்துழைக்காமல் கட்டையெல்லாம் தரையில் உருண்டாலும், "பூகம்பம் வந்தா நான் என்ன பண்றது டாக்டர்?" என்பான். நாக்கு கொஞ்சம் குழறும். ஆனால் வாய் ஓயாது. அடுத்தவர் குரலில் பேசிக்காட்டுவான். மருத்துவமனை லிஃப்டில் மாடி எண் சொல்லும் பெண்குரலை அவன் பேசிக்காட்டினால் லிஃப்டில் இருப்பவர்கள் கூரையை அண்ணாந்து பார்ப்பார்கள்.

இருபது வயது வாக்கில் டாக்டர் அவர்களுக்கு ஒரு படம் காட்டினார். பொதுவாகப் பேச்சு மூளையின் இடது பக்கம் இருக்கும். நிதானத்துக்கு அந்தப் பக்கம்தான் ரத்தம் கசிந்து பாழாகியிருந்தது. ஆனால் அவன் பேசும்போது எடுத்த படத்தில் வலது பக்கம் ஒளிர்ந்தது. பேச்சு இடம் மாறிக் குடியேறியிருந்தது.

நிதானம் படத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான்.

"அப்போ இத்தனை நாளா நான் வாடகை வீட்டில இருந்துதான் பேசிட்டிருக்கேனா?"

டாக்டர் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தது.

அவனுக்கு வேலை கிடைத்ததும் அந்த வாயால்தான். தெருமுனை டாக்சி நிலையத்தில் தொலைபேசி எடுப்பவனாகச் சேர்ந்தான். யார் எங்கிருந்து கூப்பிட்டாலும் எந்த டாக்சியை எந்தச் சந்து வழியாக அனுப்புவது என்று சொல்ல வேண்டும். தன் காலால் ஒரு தெருவைக்கூட முழுதாக நடந்திராதவன் நகரத்தின் தெருக்களையெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்தான். "வணக்கம், நிதானம் பேசறேன்" என்பான். அவசரமாக டாக்சி கேட்பவர்கள் அந்தப் பெயரைக் கேட்டுக் கடுப்பாவார்கள். ஓட்டுநர்களுக்கு அதில் ஒரு குஷி.

அக்கா மூக்குக்கண்ணாடிக் கடையில் சேர்ந்தாள். முன்னால் கடை, பின்னால் ஒரு சின்ன அறை. அங்கே சாணைச் சக்கரத்தில் லென்ஸின் விளிம்பைத் தேய்த்து ஃப்ரேமுக்குள் உட்கார வைப்பது அவள் வேலை. சக்கரத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். விரல் நுனிகளில் வெள்ளை மாவு ஒட்டியிருக்கும். கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்தால் லென்ஸ் ஃப்ரேமுக்குள் ஆடும். குறைவாகத் தேய்த்தால் அழுத்தும்போது விரிசல் விடும். அவளுக்கு அது பிடித்திருந்தது. அந்த அறையில் யாரும் அவளை அவசரப்படுத்துவதில்லை.

அவளைப் பார்த்தவர்கள், தம்பிக்காகவே வாழ்கிறாள் என்று பாராட்டுவார்கள். தம்பியை டாக்சி நிலையத்தில் கொண்டுபோய் விடுவதும் கூட்டிவருவதும் அவள்தான். மாத்திரை கொடுப்பது, குளிக்க வைப்பது, வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைப்பது எல்லாம் அவள்தான். கடைக்கு லென்ஸ் கொண்டுவரும் ஒருவர் கல்யாணப் பேச்சை எடுத்தபோது முடியாது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். அதற்கு ஒரு காரணம் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

பதினேழு வயதில் ஒரு நாள் டாக்டர் தன் மாணவர்களுக்கு அவர்களைக் காட்டிப் பாடம் நடத்தினார். திரைக்குப் பின்னால் அவள் உடை மாற்றிக்கொண்டிருந்தாள். டாக்டரின் குரல் கேட்டது.

"முதல் குழந்தையோட பனிக்குடம்தான் உடைஞ்சிருக்கு. ரெண்டாவது குழந்தையோடதுல எந்தப் பிரச்சினையும் இல்ல. முதல் குழந்தை வெளிய வந்ததால ரெண்டாவதும் வரவேண்டியதாயிடுச்சு."

அவ்வளவுதான் சொன்னார். மாணவர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். அவள் சட்டைப் பொத்தானைப் பிடித்தபடி அங்கேயே நின்றாள். மூளையின் மடிப்புகள் எல்லாம் கடைசி மூன்று மாதத்தில்தான் விழும் என்று டாக்டர் பலமுறை சொல்லியிருக்கிறார். வயிற்றின் இருட்டில் விழவேண்டியது இவர்களுக்குக் கண்ணாடிப் பெட்டியின் வெளிச்சத்தில் விழுந்தது. தம்பிக்கு அந்த இருட்டு கிடைத்திருக்கும். அவள் பொறுமையாக இருந்திருந்தால் கிடைத்திருக்கும். பதினேழு வயது மனது அதை அப்படித்தான் புரிந்துகொண்டது. பிறகு வயது ஏறியும் மனது அங்கிருந்து நகரவில்லை. அதற்குப் பிறகு யாராவது அவளை அவசரம் என்று கூப்பிடும்போதெல்லாம் அது குற்றச்சாட்டாகவே காதில் விழும். ஆனாலும் என்ன என்று திரும்பிப் பார்ப்பாள்.

ஆராய்ச்சியில் இருந்த குழந்தைகள் பெரியவர்களானதும் அவர்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள்: உங்களுக்கு ஏதாவது ஆனால் உங்கள் சார்பில் முடிவெடுக்க யாரைச் சொல்கிறீர்கள்? இறந்த பிறகு மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுக்க விருப்பமா என்ற பேச்சும் அதோடு வந்தது.

"தலையைக் குடுத்தா தொப்பியாவது திருப்பித் தருவீங்களா?" என்றான் நிதானம்.

"விளையாடாதே. யோசிச்சுச் சொல்லு."

"அவசரத்தைக் கேளுங்க டாக்டர். எனக்கு எல்லாத்துலயும் அவதானே முன்னாடி போவா."

அவன் சிரித்துக்கொண்டு சொன்னான். அவள் சிரிக்கவில்லை.

முப்பத்தொன்றாவது வயதில் ஒரு நாள் காலை அவனை எழுப்பப் போனாள். போர்வை தரையில் கிடந்தது. அவன் குப்புறக் கிடந்தான். முகம் தலையணைக்குள் புதைந்திருந்தது. தூக்கத்திலேயே வலிப்பு வந்து போயிருக்கிறது. யாருக்கும் கேட்கவில்லை. அவள் அவனைத் திருப்பினாள். எவ்வளவோ முறை திருப்பியிருக்கிறாள். அந்த உடம்பின் கனம் அவள் கைக்குத் தெரியும். இது வேறு கனம்.

அம்மா அப்போது சலவைக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அறை வாசலில் நின்றவள் உள்ளே வரவே இல்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள்.

அக்காவுக்கு யாரைக் கூப்பிடுவதென்று தோன்றவில்லை. தம்பிக்கு எது நடந்தாலும் கூப்பிடும் எண்ணைக் கை தானாக அழுத்தியது. தலை டாக்டர் அரை மணியில் வந்துவிட்டார். தலை முழுக்க நரைத்திருந்தது. ஓய்வு பெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். அவன் கண்ணைத் திறந்து பார்த்தார், கழுத்தில் விரல் வைத்தார். பிறகு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அவன் நெற்றியிலிருந்த முடியை ஒதுக்கினார். ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை.

மாமாவும் வந்து சேர்ந்தார். அம்மாவின் தம்பி, பஸ் பணிமனையில் மெக்கானிக். கையில் கிரீஸ் கறையோடு அப்படியே வந்திருந்தார்.

டாக்டர் அவளை மாடிப்படிக்குக் கூட்டிப்போனார்.

"இதைக் கேக்கக்கூடாத நேரம்மா. ஆனா நாளைக்குக் கேட்டா பிரயோஜனம் இல்ல."

அவளுக்குப் புரிந்துவிட்டது. "எவ்வளவு நேரத்துக்குள்ள?"

"இன்னிக்கு மத்தியானத்துக்குள்ள எடுத்துட்டா நல்லது. முகத்துல ஒரு கீறல்கூட இருக்காது. சாயங்காலம் திருப்பிக் கொண்டுவந்துடுவோம். நீ வேண்டாம்னு சொன்னா நான் இனிமே இதைப் பத்திப் பேசவே மாட்டேன்."

"எதுக்கு வேணும் உங்களுக்கு? இத்தனை படம் எடுத்திருக்கீங்களே."

"படம் நிழல்தான். பொறந்ததுல இருந்து இப்படிக் கூடவே இருந்து பார்த்த ஒருத்தரோட மூளை எங்ககிட்ட இதுவரைக்கும் இல்ல." டாக்டர் கைப்பிடிச் சுவரைப் பார்த்தபடி சொன்னார். "இப்படிச் சொல்றதுக்கு எனக்கே அசிங்கமா இருக்கு."

அவள் உள்ளே போய் அம்மாவிடம் சொன்னாள். அம்மாவுக்கு முன்பே மாமா வெடித்துவிட்டார்.

"என்ன பேச்சு இது? உயிரோட இருந்தப்போ வருஷக்கணக்கா குடைஞ்சு குடைஞ்சு பாத்தது போதாதா? செத்த பிறகும் விட மாட்டாங்களா? முடியாதுன்னு சொல்லி அனுப்பு."

"அவன் என்னைத்தான் கேக்கச் சொன்னான் மாமா."

"அவன் எதையாவது விளையாட்டுக்குச் சொல்லியிருப்பான். அவன் எதைத்தான் ஒழுங்காச் சொன்னான்?"

அது உண்மை. அவளுக்கும் அதுதான் தெரியவில்லை. அவன் சம்மதித்தானா, அந்தப் பேச்சைத் தட்டிக்கழித்தானா என்று இனிமேல் கேட்க முடியாது.

அம்மா தரையைப் பார்த்தபடி பேசினாள். குரல் உயரவில்லை.

"நான் வேணும்னும் சொல்ல மாட்டேன், வேண்டாம்னும் சொல்ல மாட்டேன். உன்னைத்தானே கேக்கச் சொன்னான். நீயே சொல்லு. ஆனா அவன் தலையில கத்தி வச்ச பிறகு எங்கிட்டப் பேசாதே."

அவள் படிக்குத் திரும்பிப் போய், சரி என்றாள்.

ஆராய்ச்சிக்காகச் சொல்லவில்லை. நாளைக்குப் பிறக்கும் குழந்தைகளுக்குப் பயன்படும் என்றும் நினைக்கவில்லை. டாக்டர் அப்படி நினைத்து அவள் கையைப் பிடித்துக்கொண்டபோது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அவளுக்கு ஒன்று தெரிய வேண்டியிருந்தது. தான் அவனுக்கு என்ன செய்துவிட்டோம் என்று யாராவது திறந்து பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் சரி என்றாள்.

சொன்னபடியே சாயங்காலம் கொண்டுவந்துவிட்டார்கள். முகத்தில் கீறல் இல்லை. தலையில் துணி சுற்றியிருந்தது. மறுநாள் அடக்கம் செய்யக் கொண்டுபோனபோது தெரு அடைத்து டாக்சிகள் நின்றன. அந்த ஓட்டுநர்களில் பாதிப் பேர் அவனை நேரில் பார்த்ததே இல்லை. ஊரின் மற்ற மூலைகளில் வண்டி நிறுத்துபவர்கள், தொலைபேசியில் அவன் குரலை மட்டும் அறிந்தவர்கள். "இவ்வளவு சின்ன ஆளா?" என்று ஒருவர் அடக்க முடியாமல் சொல்லிவிட்டார்.

அம்மா சொன்னதைச் செய்தாள். அதற்குப் பிறகு மகளிடம் பேசவில்லை. ஒரே வீடு, இரண்டே அறை. "சாப்பாடு மேஜை மேல இருக்கு" என்று சுவரிடம் சொல்வாள். "கேஸ் தீர்ந்துபோச்சு" என்று ஜன்னலிடம் சொல்வாள். மாமா வந்தால் இரண்டு பேருக்கும் நடுவில் தபால்காரர் வேலை பார்ப்பார். "ஏன்டி, உங்க அம்மா குடை எங்கன்னு கேக்கறா" என்று மூன்றடி தள்ளி உட்கார்ந்திருக்கும் மருமகளிடம் கேட்பார். கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொள்வார். நிதானத்தின் கட்டில் அப்படியே கிடந்தது. அதை எடுக்கலாமா என்று சுவரிடமும் ஜன்னலிடமும் எப்படிக் கேட்பது? அதனால் யாரும் எடுக்கவில்லை.

சில மாதம் கழித்து டாக்டர் அவளை வரச்சொன்னார். பார்க்க வேண்டும் என்று அவளே கேட்டிருந்தாள். மருத்துவமனையின் பின்கட்டிடத்தில் கடைசி மாடி. குளிராகவும் மருந்து வாடையாகவும் இருந்த ஓர் அறை. ஒரு தட்டில் மெல்லிய துண்டுகள் வரிசையாக இருந்தன. சாம்பலும் வெள்ளையுமாக. அழுகை வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. எதிரில் இருந்ததற்கும் நிதானத்துக்கும் அவளால் எந்தச் சம்பந்தத்தையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"இங்க பாரு." டாக்டர் ஒரு துண்டின் நடுவில் இருந்த குழியைக் காட்டினார். "ரத்தம் கசிஞ்ச இடம். இதைச் சுத்தி நரம்பெல்லாம் அழிஞ்சுபோயிருக்கு. கால் விறைச்சுக்கிட்டது இதனாலதான். வலிப்பும் இங்கிருந்துதான்."

"இது எப்போ ஆனது? உள்ள இருந்தப்பவா, வெளிய வந்த பிறகா?"

 டாக்டர் அவளை முதன்முதலாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"வெளிய வந்த பிறகுதான்."

"வெளிய வராம இருந்திருந்தா?"

"வராம இருந்திருந்தா இது நடந்திருக்காது." பொய் சொல்லத் தெரியாதவர் அவர். பிறகு அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். "ஆனா பனிக்குடம் ஏன் உடைஞ்சுதுன்னு யாருக்கும் தெரியாது. ஒரு குழந்தை அதை முடிவு பண்ணி வர்றது இல்லம்மா. உன்னோட தப்புன்னு யாராவது சொன்னாங்களா?"

"இல்ல. யாரும் சொல்லல."

நீங்கள்தான் சொன்னீர்கள் என்று அவள் சொல்லவில்லை. அன்று மத்தியானம் கடைக்குத் திரும்பி வழக்கம்போலச் சாணைச் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்தாள். அடுத்தடுத்து மூன்று லென்ஸ்கள் கையில் விரிசல் விட்டன. முதலாளி உள்ளே வந்து பார்த்தார். விளக்கை அணைத்து அவளை வீட்டுக்கு அனுப்பிவைத்தார்.

அடுத்த வருடம் டாக்டர் ஓய்வு பெற்றார். போவதற்கு முன் அம்மாவைப் பார்த்துவிட்டுப் போக வீட்டுக்கு வந்தார். மாமா நாற்காலி போட்டார். அம்மா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, வழக்கத்துக்கு மாறாக எதிரிலேயே உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேக்கணும் டாக்டர்."

"கேளுங்கம்மா."

"அந்தக் கூடையைத் தூக்கினதாலதானா?"

டாக்டருக்குப் புரியவில்லை. எந்தக் கூடை என்று கேட்டார். அம்மா சொன்னாள். ஈர விரிப்புகள், உலர்த்தும் இயந்திரம், காலோடு வழிந்த நீர், வந்ததும் புருஷன் கேட்ட கேள்வி. எல்லாவற்றையும் நேற்று நடந்ததுபோலச் சொன்னாள். இத்தனை வருடப் பழக்கத்தில் டாக்டர் அதைக் கேட்டதே இல்லை.

"தெரியாதும்மா," என்றார் கடைசியில். "அதை மூளையில பாக்க முடியாது."

"அப்போ என்னதான் பாத்தீங்க?"

"அடிபட்ட இடத்தைச் சுத்தி அவன் மூளை புதுசா வழி போட்டுக்கிட்டே இருந்திருக்கு. கடைசிவரைக்கும். நாங்க நெனச்சதைவிட அதிகமா. பேச்சு, ஞாபகம், எல்லாத்துக்கும்."

"அவன் நல்லாப் பேசுவான்னு எனக்குத் தெரியாதா?" அம்மாவின் குரல் இப்போதுதான் உடைந்தது. "தூங்கும்போது வலிப்பு வந்துதே, அப்போ கஷ்டப்பட்டானா? அதாவது தெரிஞ்சுதா?"

"தெரியலம்மா."

"தெரியாதுன்னு சொல்றதுக்கா அவன் தலையை எடுத்துட்டுப் போனீங்க?"

 டீ ஆறி ஏடு கட்டியது. "அக்கா, போதும் விடு" என்றார் மாமா. அம்மா விட்டுவிட்டாள். டாக்டர் எழுந்து போகும்போது அம்மாவின் தோளைத் தொட்டார். அம்மா விலக்கவும் இல்லை, நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. மாமா அவரைத் தெருவரை கொண்டுவிடப் போனார்.

வீட்டில் இருவர் மட்டும் இருந்தார்கள். மகள் டீ தம்ளர்களை எடுத்தாள்.

"நீ ஏன் சரின்னு சொன்னே?"

சுவரிடமும் கேட்கவில்லை, ஜன்னலிடமும் கேட்கவில்லை. தன்னிடம்தான் கேட்கிறாள் என்று புரிய அவளுக்குக் கொஞ்சம் நேரம் ஆனது.

"நான் முந்திக்கிட்டு வந்ததாலதான் அவன் அப்படி ஆனானோன்னு இருந்துச்சும்மா. அதைத் தெரிஞ்சுக்கணும்னு இருந்துச்சு."

அம்மா அவளையே பார்த்தாள்.

"நான் உன்னை ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லயே."

"சொன்னதில்லதான்."

"சொன்னதில்ல." அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா நெனச்சிருக்கேன். அந்தக் கூடையை நெனச்சு நெனச்சு தாங்க முடியாமப் போறப்போ உன்னை நெனச்சுக்குவேன். உன்னாலன்னு நெனச்சுக்கிட்டா அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரும்."

மகள் தம்ளர்களைக் கழுவும் தொட்டியில் வைத்தாள். குழாயைத் திறக்கவில்லை. எவ்வளவோ வருடமாக அவள் பயந்துகொண்டிருந்த வார்த்தை அது. வந்துவிட்டது. வந்த பிறகும் சுவர் அங்கேயேதான் இருந்தது, ஜன்னல் அங்கேயேதான் இருந்தது. தெருவில் யாரோ டாக்சியைத் தள்ளி நிறுத்தச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கும் அப்படித்தாம்மா," என்றாள். "அப்பா கூடையைச் சொன்னார்னு இப்போ நீ டாக்டர்கிட்டச் சொன்னப்போ எனக்குக் கொஞ்சம் நிம்மதியா இருந்துச்சு."

 மறுநாள் கட்டிலை எடுக்கலாமா என்று அம்மா கேட்டாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து வெளியே கொண்டுபோனார்கள். மன்னித்தார்களா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. பேசுகிறார்கள், அவ்வளவுதான். சில நாள் பேச்சு நடுவில் அறுந்துவிடும். பிறகு யாராவது ஒருவர் கேஸ், குடை என்று ஏதாவது ஒன்றில் மறுபடி தொடங்குவார்கள்.

போன மாதம் ஆராய்ச்சியிலிருந்து மறுபடி கூப்பிட்டிருந்தார்கள். போக வேண்டாம் என்றுதான் இருந்தாள். கடைசி நேரத்தில் கிளம்பிவிட்டாள். ஏன் என்று அம்மாவும் கேட்கவில்லை. தலை டாக்டரின் அறையில் இப்போது ஓர் இளைஞர் இருக்கிறார். கணினியைப் பார்த்துக்கொண்டே பேசுகிறவர். தலையை நாடாவால் அளக்கவில்லை. திரையில் எதையோ தேடிவிட்டு நிமிர்ந்தார்.

"நீங்க இரட்டையில ஒருத்தர்னு போட்டிருக்கே. இன்னொருத்தர் இன்னிக்கு வரலையா?"

"அவன் ஏற்கெனவே இங்கதான் இருக்கான்."

அவர் கதவுப் பக்கம் எட்டிப் பார்த்தார். "எங்க, வெளிய உக்காந்திருக்காரா?"

"இல்ல. பின்கட்டிடத்துல, கடைசி மாடி."

இளைஞருக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. முகம் வெளுத்துப்போய் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். பரவாயில்லை என்று அவள் கையசைத்தாள். உலோகம் எதுவும் உள்ளே கூடாது என்பதால் கண்ணாடியைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டு, மங்கலாகத் தெரிந்த கதவை நோக்கி, நடைபாதைச் சுவரைத் தடவியபடி ஸ்கேன் அறைக்கு நடந்தாள்.